சொல் இல்லாத இசைக்குள் எப்படி நுழைவது: டர்பனிலிருந்து ஒரு கேட்பு வழிகாட்டி

அக்காவைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சில வருடம் கழித்து வேலை கிடைத்து நானும் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். அவள் மகன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது பத்தொன்பது வயது. போன வருடம் ஒரு நாள் தமிழும் ஆங்கிலமும் கலந்து கேட்டான்: "மாமா, நீங்க கார்ல போடுவீங்களே, பாட்டே வராது, மெதுவா பெரிசாகிட்டே போகும், அது மாதிரி எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க."

நான் யோசித்துச் சொல்வதற்குள் அவனே இணையத்தில் தேடிவிட்டான். 'கேட்டே ஆகவேண்டிய நூறு ஆல்பங்கள்' என்று ஏதோ ஒரு பட்டியல். ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் கேட்டு, பிடிக்கவில்லை என்று தள்ளி, ஒரே மாலையில் அலுத்துப்போய் விட்டுவிட்டான். அவன்மேல் தப்பில்லை. பத்து நிமிடம் ஓடும் இசையில் முதல் அரை நிமிடம் அடுப்புப் பற்றவைக்கும் நேரம்தான். அதை வைத்துச் சாப்பாட்டின் ருசியைச் சொல்ல முடியாது.

போஸ்ட்-ராக், ஆம்பியன்ட் என்று சொல்லப்படும் இந்த இசையை, அதன் பிறகு அவனோடு உட்கார்ந்து சில மாதங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் என்னைப்போல் வேலைக்கு வந்தவர்களுக்கும் இது உதவும். நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: பட்டியலை விட்டுவிடுங்கள், ஆட்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். பிடித்த ஒரே ஒரு ஆல்பம் கையில் இருந்தால் போதும். அதில் வாசித்தவர், அதைப் பதிவு செய்தவர், அதை வெளியிட்டவர் என்று ஒவ்வொரு பெயரும் ஒரு கதவு.

உங்கள் காது ஏற்கெனவே தயார்

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். "எனக்கு மேல்நாட்டு இசை தெரியாதே" என்று பலர் தயங்குகிறார்கள். கோயிலில் நாதஸ்வரம் கேட்டவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். நெல்லையப்பர் கோயிலில் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். நாதஸ்வரக்காரர் ஆலாபனை தொடங்கும்போது தாளம் கிடையாது, சாகித்யம் கிடையாது. பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதிக்கொண்டிருப்பார். ஒரே சுரம், மூச்சு விடாமல். அந்த ஒரே சுரத்தின்மேல் ராகம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். தவில் எப்போது சேரும் என்று உடம்பு காத்திருக்கும். சேர்ந்த அந்த நொடியில் மயிர்க்கூச்செறியும்.

போஸ்ட்-ராக் கேட்கும்போதும் இதே காத்திருப்புத்தான். ஆம்பியன்ட் என்பது பல நேரங்களில் அந்த ஒத்து மட்டும் தனியாக நின்று பேசுவது.

பெயர்களையும் தெளிவுபடுத்திக்கொள்வோம். கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று ராக் இசையின் கருவிகளையே வைத்துக்கொண்டு, பாடகரும் பல்லவியும் இல்லாமல், ஒலியின் நிறத்தையும் பரப்பையும் கட்டுவதுதான் போஸ்ட்-ராக். இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சைமன் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில விமர்சகர். 1994இல் பார்க் சைக்கோசிஸ் என்ற லண்டன் குழுவின் 'ஹெக்ஸ்' ஆல்பத்துக்கு மதிப்புரை எழுதும்போது பயன்படுத்தினார். பல குழுக்களுக்கு இந்தப் பெயர் பிடிக்காது. தேடுவதற்கு வசதியான சொல் என்ற அளவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆம்பியன்ட்டுக்குப் பின்னால் ஒரு மழைக்கதை இருக்கிறது. 1975இல் பிரையன் ஈனோ என்ற ஆங்கில இசைக்கலைஞர் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒருவர் யாழிசைத் தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு ஈனோ சிரமப்பட்டு எழுந்து தட்டைப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்தார். ஒலி மிகக் குறைவாக இருந்தது. எழுந்து கூட்ட உடம்பில் தெம்பில்லை. வெளியே மழைச் சத்தம், அதற்கு நடுவே எப்போதாவது ஒரு யாழ்ச் சுரம். அறையின் ஒலியோடு கலந்து நிற்கும் இசை என்ற எண்ணம் தனக்கு அப்படித்தான் தெளிவானது என்று பின்னால் அவரே எழுதினார். 1978இல் விமான நிலையங்களுக்கான இசை என்று பெயரிட்டு அவர் வெளியிட்ட ஆல்பத்தின் உறையில்தான் 'ஆம்பியன்ட்' என்ற சொல் ஒரு வகையின் பெயராகவே அச்சானது. டர்பனில் கோடை மழை தகரக்கூரையில் இறங்கும் சாயங்காலம் அதைக் குறைந்த ஒலியில் போட்டுப் பாருங்கள். ஈனோ சொன்னது விளக்கமில்லாமலே புரியும்.

கேட்பதற்கான ஏற்பாடு

விலை உயர்ந்த கருவி வேண்டாம். காதை முழுதாக மூடும் சாதாரண ஹெட்போன் ஒன்று போதும். பேஸை மட்டும் உறுமவிடும் ஹெட்போனைத் தவிருங்கள். அதில் மெல்லிய ஒலிகள் எல்லாம் மூழ்கிவிடும். போன் ஸ்பீக்கரில் இந்த இசையைக் கேட்கவே கூடாது என்பது என் கருத்து. பாதி இசை அதில் வராது.

அப்புறம் செயலியின் அமைப்புகள். இதைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் 'கிராஸ்ஃபேட்' வசதியையும் அணையுங்கள். இடைவெளியில்லாமல் ஓடும் 'கேப்லெஸ்' வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இந்த ஆல்பங்களில் பல, ஒரே மூச்சில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. நடுவில் ஒரு நொடி வெட்டு விழுந்தாலும் ஒத்து அறுந்த மாதிரி இருக்கும்.

ஒலியளவில் ஒரு எச்சரிக்கை. தொடக்கம் மெலிதாக இருக்கிறதே என்று கூட்டி வைக்காதீர்கள். ஏழாவது நிமிடத்தில் மூன்று கிட்டார் ஒன்றாக வெடிக்கும்போது காது வலிக்கும். ஆல்பத்தின் மிகச் சத்தமான இடத்தைத் தேடிப் போட்டு, அங்கே தாங்கும் அளவுக்கு ஒலியை வைத்துவிட்டு, அப்புறம் முதலிலிருந்து தொடங்குவது என் வழக்கம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். காது போனால் திரும்பாது, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஊரில் டேட்டா விலை எல்லோருக்கும் தெரியும். வீட்டிலோ வேலையிடத்திலோ வைஃபை கிடைக்கும்போது ஆல்பத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் தினமும் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு வந்த நாட்களில் எங்கள் வீட்டில் விளக்கும் இல்லை, இணையமும் இல்லை. போனில் இறக்கி வைத்திருந்த ஓர் ஆல்பத்தோடு இருட்டில் இரண்டு மணி நேரம் உட்காருவேன். வேறு எதையும் பார்க்க முடியாது என்பதால் முழுதாகக் கேட்டேன். ஒரு ஆல்பத்தை நடுவில் எழுந்திருக்காமல் கேட்டு முடிக்கும் பழக்கம் எனக்கு வந்தது அப்போதுதான். மின்சாரம் இருக்கும் இந்த நாட்களிலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

முதல் மாதம்: ஒன்றே ஒன்று

கீழே சொல்வதில் ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரு வாரம் அதோடு மட்டும் இருங்கள். குறைந்தது மூன்று முறை முழுதாகக் கேட்க வேண்டும்: ஒரு முறை இரவில் இருட்டில், ஒரு முறை நடந்துகொண்டோ வண்டியிலோ, ஒரு முறை வீட்டில் ஏதாவது வேலை செய்துகொண்டே. மூன்றாவது முறை முக்கியமானது. வேலை நடுவே கை தானாக நின்றுபோன இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களை உள்ளே இழுப்பது எது என்பதற்கு அந்த இடம்தான் துப்பு.

மெல்லிசைப் பாட்டுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் கொடுப்பது, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை குழு 2003இல் வெளியிட்ட 'த எர்த் இஸ் நாட் எ கோல்ட் டெட் பிளேஸ்'. ஐந்தே பகுதிகள், முக்கால் மணி நேரம். ஒரு சொல்கூட இல்லை. ஆனால் கிட்டார்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் விதத்தில் மெட்டு தெளிவாக இருக்கும். முணுமுணுக்கக்கூட முடியும். என் அக்கா மகன் இதில்தான் நுழைந்தான்.

மின்னணு இசையிலிருந்து வர விரும்புகிறவர்களுக்கு போர்ட்ஸ் ஆஃப் கனடா. பெயரில்தான் கனடா, ஆட்கள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர். கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் ஆவணப்படங்களைச் சிறுவயதில் பார்த்த நினைவில் வைத்த பெயர் அது. 1998இல் வார்ப் நிறுவனத்தில் வந்த அவர்களின் ஆல்பம் 'மியூசிக் ஹேஸ் த ரைட் டு சில்ட்ரன்'. சின்தசைசரின் சுருதி வேண்டுமென்றே சற்றுக் கலைந்திருக்கும். பழைய ஒலிநாடா இழுபடுவது மாதிரி அசையும். நடுநடுவே குழந்தைகளின் குரல். தூர்தர்ஷனில் பழைய ஆவணப்படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது சொந்த வீட்டு வாசனை போல வந்து தாக்கும்.

குரல் இல்லாமல் இருக்க முடியாது என்பவர்களுக்கு ஐஸ்லாந்தின் சிகர் ரோஸ். 1999இல் வந்த 'ஆகைட்டிஸ் பிர்யூன்' அவர்களை உலகுக்குக் காட்டியது. கிட்டார் கம்பியை செல்லோ வில்லால் இழுத்து வாசிப்பார் பாடகர் யோன்சி. 2002இல் வந்த அடுத்த ஆல்பத்துக்குப் பெயரே கிடையாது, உறையில் வெறும் அடைப்புக்குறி இரண்டு. முழுக்கப் பொருளில்லாத அசைகளால் பாடப்பட்டது. கூடவரும் புத்தகத்தின் பக்கங்களும் காலி. கேட்பவர் தன் சொல்லைத் தானே எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். 'ததரின' என்று ஆலாபனை கேட்ட காதுக்கு, பொருளில்லாத அசை எவ்வளவு சொல்லும் என்று புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கனடாவின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் குழுவோடு தொடங்காதீர்கள். நான் அதிகம் நேசிக்கும் குழு அதுதான், ஆனாலும் சொல்கிறேன். 2000இல் வந்த அவர்களின் இரட்டை ஆல்பத்தில் நான்கே பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது நிமிடம். மூன்றாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் மாக்வாய், டோக்கியோவின் மோனோ இரண்டையும் இரண்டாவது மாதத்தில் கேட்கலாம். இந்த இசையெல்லாம் ஏதோ மூலையில் பத்துப் பேர் கேட்பது என்று யாராவது சொன்னால், மாக்வாயின் 2021 ஆல்பம் பிரிட்டன் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது என்று சொல்லுங்கள்.

பெயர்களைப் பிடித்துக்கொண்டு போவது

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். பிடித்த ஆல்பம் ஒன்று அமைந்துவிட்டதா? இனி செயலி காட்டும் 'இதுவும் உங்களுக்குப் பிடிக்கலாம்' பெட்டியைத் திறக்காதீர்கள். அது ஒத்த சத்தத்தைக் காட்டும், அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று காட்டாது. அதற்குப் பதில் அந்த ஆல்பத்தின் பின்னுறையில் உள்ள பெயர்களைப் படியுங்கள். கையில் தட்டு இல்லையென்றால் டிஸ்காக்ஸ் என்ற தரவுத்தளத்தில் தேடுங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து ரசிகர்களே சேர்த்துவரும் பட்டியல் அது. யார் டிரம்ஸ், யார் ஒலிப்பதிவு, எந்த ஸ்டூடியோ, வெளியிட்ட லேபிள் எது என்று அநேகமாக எல்லாம் கிடைக்கும். ஒரு பெயரைத் தொட்டால் அவர் கைபட்ட மற்ற ஆல்பங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

எப்படி என்று ஒரு சங்கிலியைக் காட்டுகிறேன். டாக் டாக் என்ற லண்டன் குழு 1980களின் நடுவில் சின்த்-பாப் பாட்டுகளால் புகழ் பெற்றது. திடீரென்று பாதை மாறி, வெசெக்ஸ் ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் ஏறக்குறைய இருட்டிலேயே உட்கார்ந்து, கலைஞர்களை மனம்போல வாசிக்க விட்டு, அந்த மணிக்கணக்கான ஒலியிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளைப் பொறுக்கிக் கோத்து 1988இல் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' வெளியிட்டார்கள். போஸ்ட்-ராக் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே பிறந்த போஸ்ட்-ராக் அது. 1991இல் 'லாஃபிங் ஸ்டாக்'. அத்தோடு குழு கலைந்தது. பாடகர் மார்க் ஹோலிஸ் ஒரே ஒரு தனி ஆல்பம் செய்துவிட்டு ஒதுங்கினார், 2019இல் காலமானார்.

பட்டியலைப் பார்த்துக் கேட்பவர் இங்கே நின்றுவிடுவார். பெயரைப் பிடித்துப் போகிறவருக்கு இங்கேதான் வழி திறக்கிறது. பேஸ் வாசித்த பால் வெப், ரஸ்டின் மேன் என்ற புனைபெயரில் பெத் கிப்பன்ஸோடு சேர்ந்து 2002இல் 'அவுட் ஆஃப் சீசன்' செய்தார். பெத் கிப்பன்ஸ் யார்? பிரிஸ்டலின் போர்ட்டிஸ்ஹெட் குழுவின் பாடகி. ஆக, அங்கிருந்து பிரிஸ்டல் மின்னணு இசைக்கு ஒரு கதவு. டிரம்ஸ் வாசித்த லீ ஹாரிஸ் 2004இல் பார்க் சைக்கோசிஸ் ஆல்பத்தில் வாசித்தார், மேலே சொன்ன அதே 'ஹெக்ஸ்' குழு. 2024இல் பெத் கிப்பன்ஸின் 'லைவ்ஸ் அவுட்குரோன்' ஆல்பத்திலும் அவர் கை இருக்கிறது. பார்க் சைக்கோசிஸின் கிரஹாம் சட்டன் பிற்பாடு தீஸ் நியூ பியூரிட்டன்ஸ் குழுவின் ஆல்பங்களைத் தயாரித்தார். அதைத் தொட்டால் இன்னொரு தெரு. ஒரே ஒரு ஆல்பத்தில் இரண்டு பெயர்களைப் பிடித்து நடந்ததில் முப்பத்தாறு வருட இசை கைக்கு வந்துவிட்டது. இதில் எதையும் எந்தச் செயலியும் எனக்குக் காட்டியதில்லை.

ஒலிப்பதிவாளரைப் பிடித்துப் போவது இன்னொரு வழி. சிகாகோவின் ஸ்டீவ் அல்பினி 2024 மே மாதம் இறந்தார். தன்னைத் தயாரிப்பாளர் என்று போடவேண்டாம், 'பதிவு செய்தவர்' என்று மட்டும் போட்டால் போதும் என்பார். உரிமத்தொகையும் வாங்கமாட்டார், செய்த வேலைக்குக் கூலி மட்டும். காட்ஸ்பீடின் 2002 ஆல்பம், மோனோவின் பல ஆல்பங்கள், ஆஸ்திரேலியாவின் டர்ட்டி த்ரீ குழு 1998இல் செய்த 'ஓஷன் சாங்ஸ்' எல்லாம் அவர் பதிவு செய்தவைதான். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், டிரம்ஸ் ஓர் அறைக்குள் நிற்பது உங்கள் காதுக்கே தெரிய ஆரம்பிக்கும். அறையின் சத்தத்தைக் கேட்கத் தெரிந்துவிட்டால் அப்புறம் எந்த இசையையும் கேட்கும் விதம் மாறிவிடும். டர்ட்டி த்ரீயில் வயலின் வாசிப்பதைக் கேட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள். நார்த் பீச்சில் விடியற்காலை ஐந்து மணிக்கு, மீன்பிடிப்பவர்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் நான் அதைக் கேட்பது வழக்கம்.

மூன்றாவது வழி லேபிள். திரை இசையில் வளர்ந்த நமக்கு லேபிள் என்றால் பெரிய நிறுவனம் என்று தோன்றும். இந்த உலகில் லேபிள் என்பது ஒரே ருசியுள்ள இரண்டு மூன்று பேர். 1997இல் மான்ட்ரியாலில் தொடங்கிய கான்ஸ்டலேஷன் அப்படித்தான். காட்ஸ்பீடின் முதல் இசைத்தட்டை உறைகளைக் கையால் ஒட்டி, ரயிலுக்கு அடியில் வைத்து நசுக்கிய ஒரு காசையும் உள்ளே போட்டு அனுப்பினார்கள். அதே ஆல்பத்தை அடுத்த வருடம் குறுந்தகடாக வெளியிட்டது சிகாகோவின் கிராங்கி. கிராங்கியின் பட்டியலைத் திறந்தால் ஸ்டார்ஸ் ஆஃப் த லிட், டிம் ஹெக்கர், குரூப்பர் என்று ஆம்பியன்ட்டின் நடுக்கூடத்துக்கே வந்துவிடுவீர்கள். டிம் ஹெக்கரின் 2011 ஆல்பம் ஐஸ்லாந்துத் தலைநகரில் ஒரு தேவாலயத்தின் குழாய் ஆர்கனை வைத்துச் செய்தது. காற்றே சுவர் மாதிரி எழும்பி நிற்கும். இப்படிப் போஸ்ட்-ராக்கில் தொடங்கி மின்னணு இசைக்கு, நீங்கள் முடிவெடுக்காமலே வந்து சேர்ந்திருப்பீர்கள்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பம், அதில் பிடித்த இடம், அங்கே வாசித்தவர் பெயர், அடுத்து எங்கே போகவேண்டும் என்று ஆல்பத்துக்கு மூன்று வரி போதும்.

நம் வாசலில் இருப்பவர்கள்

ஐஸ்லாந்துக்கும் மான்ட்ரியாலுக்கும் போய்க்கொண்டே நம் ஊரை மறந்துவிடக் கூடாது. டர்பனிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்தவர் ஃபெலிக்ஸ் லாபாண்ட். 2005இல் வந்த அவரது 'டார்க் டேஸ் எக்ஸிட்' இந்த நாட்டில் செய்யப்பட்ட மின்னணு இசையில் எனக்கு மிக நெருக்கமானது. மெல்லிய மணியோசை, வெட்டி ஒட்டிய குரல்கள், இனிமைக்குள்ளே ஒரு கலக்கம். 2015இல் 'டெஃப் சஃபாரி', 2022இல் 'த சாஃப்ட் ஒயிட் ஹேண்ட்'. வரிசையாகக் கேளுங்கள். முதலில் சொன்னதிலிருந்து கடைசிக்குப் போகும்போது, நாடே எப்படி மாறிக்கொண்டு வந்தது என்று கேட்பது போல் இருக்கும்.

அவருக்கு முந்தைய தலைமுறையில் வாரிக் சோனியின் கலஹாரி சர்ஃபர்ஸ். நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1980களில், அரசியல்வாதிகளின் பேச்சையும் வானொலிச் சத்தத்தையும் நாடாவில் வெட்டி இசையோடு சேர்த்தார். அந்த ஆல்பங்கள் லண்டனின் ரெகமெண்டட் ரெகார்ட்ஸ் வழியாக வெளிவந்தன. கேட்க இதமாக இருக்காது. ஆனால் ஒலித்துண்டு ஒன்று சாட்சி சொல்லும் என்பதை அதில்தான் கற்றுக்கொண்டேன்.

ஜோகன்னஸ்பர்க்கின் பிளாக் ஜாக்ஸ் குழுவின் 2009 ஆல்பத்துக்கு 'ஆஃப்டர் ரோபாட்ஸ்' என்று பெயர். இங்கே போக்குவரத்து விளக்கை ரோபோ என்போம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ராக், டப், ஜாஸ் எல்லாம் ஒன்றில் ஒன்று கரைந்து போகும். போஸ்ட்-ராக் என்று அவர்களைக் கட்டிவைக்க முடியாது, ஆனால் போஸ்ட்-ராக் பிடித்தவருக்கு அவர்களைப் பிடிக்கும்.

அப்புறம் கோம். அந்தப் பெயரை எழுத்தில் கொண்டுவருவது கடினம், நடுவில் ஸுலு மொழியின் நாக்குச் சொடுக்கு ஒன்று இருக்கிறது. டர்பனில் கறுப்பின மக்கள் வாழும் டவுன்ஷிப்புகளில் பிறந்து, மினிபஸ் டாக்சிகளின் ஸ்பீக்கர்களில் ஏறிப் பரவிய இசை. நம்மில் பலர் அதைக் கல்யாண வீட்டு ஆட்டத்துக்கான சத்தம் என்று ஒதுக்குகிறோம். அது நியாயமில்லை. ஹெட்போனில் தனியாகக் கேளுங்கள். நேர்கோட்டில் இடிக்கும் தாளம் இல்லை, உடைந்த தாளம். நடுவே பெரிய இருள்வெளி. மேலே ஒற்றைச் சுரம் தொங்கிக்கொண்டிருக்கும். ரோமில் இயங்கும் கோம் ஓ! லேபிள் 2016இல் வெளியிட்ட டர்பன் தொகுப்பு நல்ல தொடக்கம். அங்கிருந்து கிளெர்மாண்டைச் சேர்ந்த டிஜே லாக் பெயரைப் பிடித்துப் போகலாம். இத்தாலிக்காரர் தேடி வந்து கேட்ட இசை நம் வீட்டு வாசலில் டாக்சியில் போய்க்கொண்டிருக்கிறது.

கடலைத் தாண்டினால் ரீயூனியன். அந்தத் தீவின் மலோயா 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அடிமைகளாகவும் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் தாளம் அது. ஜாக்கோ மாரோன் அந்தத் தாளத்தை மின்னணுக் கருவிகளில் மட்டுமே எழுப்புகிறார். 2018இல் உகாண்டாவின் நியேகே நியேகே டேப்ஸ் அவர் ஆல்பத்தை வெளியிட்டது. நம் முன்னோர் கப்பலேறி வந்த அதே கடலின் இன்னொரு கரையில் இப்படி ஒன்று நடக்கிறது என்று தெரிந்தபோது, சந்தோஷத்தில் அன்று இரவு தூங்கவில்லை.

காசு கொடுத்து வாங்குவது

பேண்ட்கேம்ப் தளத்தைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். அநேகமாக எல்லா ஆல்பத்தையும் அங்கே முதலில் இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம். பிடித்தால் வாங்கலாம். எம்பி3 மட்டுமல்ல, தரம் குறையாத ஃபிளாக் கோப்பும் கிடைக்கும். விலை டாலரிலோ பவுண்டிலோ இருக்கும். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்கவேண்டும், வங்கிக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது பொதுவாக 15 சதவீதம். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃபிரைடே' நாட்களில் அந்தப் பங்கையும் எடுப்பதில்லை. எல்லா மாதமும் வராது, அறிவிக்கும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும். அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் கணக்கிடுவதால் நமக்கு வெள்ளி காலை ஒன்பது அல்லது பத்து மணிக்குத்தான் தொடங்கும். அவசரப்பட்டு வியாழன் நள்ளிரவில் வாங்கிவிடாதீர்கள்.

அந்தத் தளத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆல்பத்தின் அட்டைப்படத்துக்குக் கீழே சின்னச் சின்னப் படங்களாக வாங்கியவர்கள் இருப்பார்கள். ஒரு படத்தைத் தொட்டால் அவர் வாங்கிய மற்ற ஆல்பங்களை எல்லாம் பார்க்கலாம். யாருக்கும் தெரியாத ஓர் ஆல்பத்தை நீங்களும் நேசித்து, எங்கோ இருக்கும் ஒருவரும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்றால், அவர் அலமாரியைப் பார்ப்பதைவிட நல்ல சிபாரிசு கிடைக்காது. எனக்குக் கிடைத்த புதிய பெயர்களில் பாதி அப்படி வந்தவைதான்.

வானொலி வேண்டுமென்றால் லண்டனின் என்டிஎஸ். பழைய நிகழ்ச்சிகளையும் ஒலித்த ஆல்பங்களின் பெயர்களோடு இலவசமாகக் கேட்கலாம். நேரில் வாசிப்பதைப் பார்க்க சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி நிலையத்தின் யூடியூப் பதிவுகள். யார் கை எந்தச் சத்தத்தை எழுப்புகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால், ஆல்பத்தில் அந்தச் சத்தம் தனியாகப் பிரிந்து கேட்கும்.

பிடிக்காதபோது

எல்லாம் பிடிக்காது. பிடிக்கவில்லை என்றால் நோட்டில் தேதி போட்டு மூடிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு முறை மறுபடியும் திறந்து பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் அடுத்த வருடம்.

ஸ்டார்ஸ் ஆஃப் த லிட் 2007இல் செய்த இரட்டை ஆல்பம் எனக்கு அப்படித்தான் இருந்தது. இரண்டு மணி நேரம், தாளமே கிடையாது, தந்தி வாத்தியங்களும் கிட்டாரும் கரைந்து ஒரே நீர்ப்பரப்பாக நிற்கும். இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் பாதியில் விட்டேன். நோட்டில் இரண்டு தேதியும் இருக்கின்றன. மூன்றாவது தேதி ஒரு ஜூலை இரவு. என்3 சாலையில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வான் ரீனன் கணவாயில் பனிமூட்டம், முன்னால் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. இன்ஜினை அணைத்துவிட்டுப் போனில் இறக்கி வைத்திருந்ததைப் போட்டேன். முன்னால் நின்ற லாரியின் சிவப்பு விளக்கு மூட்டத்தில் கரைவதும் தெரிவதுமாக இருந்தது. ஒத்து ஊதுகிறவர் மூச்சு மாற்றும்போது சுரம் லேசாக அசையுமே, அதே அசைவு அந்த இசைக்குள் இருப்பது அன்றுதான் காதில் விழுந்தது. லாரிகள் நகரத் தொடங்கியபோது முதல் தட்டு முடிந்திருக்கவில்லை. ஹேரிஸ்மித்துக்கு இந்தப்பக்கம் அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டி, மீதியையும் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.